முதுகிலா, மூக்கிலா, புண்ணிலா? ஆட்டில் இருக்கும் புழு எந்த ஈயின் பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கறிக்குக் காத்து நின்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கடைக்காரர் செம்மறிக் கிடாயின் தலையை இரண்டாகப் பிளக்கிறார். நெற்றி எலும்புக்குள், கொம்பின் அடிப்பக்கம், சளி படிந்த பொந்து ஒன்று திறந்துகொள்கிறது. அதற்குள் ஒரு கொழுத்த புழு. சுண்டுவிரலின் முதல் கணு அளவு இருக்கும். முதுகில் கறுப்புப் பட்டைகள், வாய்ப்பக்கம் இரண்டு கறுத்த கொக்கிகள். அவர் அதைக் கத்தி முனையால் எடுத்து எறிந்துவிட்டு, "மூளைப் புழுண்ணே, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக் கறியை எடை போடுவார்.

அது மூளைப் புழு இல்லை. மூளைக்கும் அதற்கும் நடுவில் எலும்பு இருக்கிறது. அது ஓர் ஈயின் பிள்ளை. ஈ என்றால் சோற்றில் உட்காரும் ஈ அல்ல, ஆட்டின் மூக்கையே தொட்டிலாக வைத்திருக்கும் வேறொரு ஈ.

இராமநாதபுரம் கடற்கரையில், திருப்பாலைக்குடிப் பக்கம் ஆடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் எல்லாமே "புழு"தான். மூக்கில் இருந்தாலும் புழு, காலில் முள் கிழித்த புண்ணில் இருந்தாலும் புழு, தோலுக்கு அடியில் இருந்தாலும் புழு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், மழைக்குப் பிறகு பிறந்த ஒரு குட்டியின் தொப்புளில் புழு வைத்தது. ஏற்கெனவே ஓர் ஆட்டின் குளம்பிடுக்கில் புழு வந்து, வேப்பெண்ணெய் தடவியதும் தானாக உதிர்ந்திருந்தது. இதுவும் அப்படித்தான் போகும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் குட்டி இறந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு ஈயின் புழுக்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்று செத்த சதையை மட்டும் தின்பது, மற்றது உயிருள்ள சதையைத் தின்பது. அந்த வித்தியாசத்தை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் குட்டி பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? புழுவைப் பார்ப்பதற்கு முன்னால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்த ஒட்டுண்ணி ஈக்கள் கண்ட இடத்தில் வாழ்பவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஓர் இடமும் ஒரு வழியும் உண்டு, சிலவற்றுக்குத் தனக்கென்று விலங்கும் உண்டு. எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி அடையாளம் முடிந்துவிடும். மீதிப் பாதியைப் புழுவின் வால்பக்கம் சொல்லும். அதற்குக் கடைசியில் வருவோம்.

நம் கடற்கரையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது புண்ணில் வாழும் புழு. இதன் ஈக்கு அறிவியல் பெயர் கிரைசோமியா பெசியானா. ஆங்கிலத்தில் இந்தப் புழுவை ஸ்க்ரூவோர்ம் என்பார்கள், திருகாணிப் புழு என்று நாம் சொல்லலாம். உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக முள் வரிசை இருப்பதால் பார்க்கத் திருகாணி மரை போலவே இருக்கும். ஈ மினுமினுக்கும் நீலப் பச்சை நிறம், முகம் மட்டும் ஆரஞ்சு. கருவாடு காயும் இடத்தில் மொய்க்கும் நீல ஈக்களுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. ஆனால் பழக்கம் நேர் எதிர். இது கருவாட்டையும் சீந்தாது, செத்த ஆட்டையும் சீந்தாது. உயிருள்ள விலங்கின் புதுப் புண்தான் இதற்கு வேண்டும்.

இராமநாதபுரத்தில் அதற்குப் பஞ்சமா? சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை இல்லை. முள் கிழிப்பது, காது குத்தி வில்லை மாட்டுவது, கிடாய்க்குக் காயடிப்பது, கொம்பு முட்டிக்கொள்வது, நாய் கடிப்பது, குட்டியின் ஈரத் தொப்புள், ஏன், உண்ணி கடித்த சின்னப் பொட்டு கூடப் போதும். பெரும்பாலும் மாலை நேரத்தில் ஈ வந்து புண்ணின் காய்ந்த விளிம்பில் முட்டையிடும். ஒரு ஈ ஒரு தடவைக்கு நூற்றைம்பது, இருநூறு முட்டை. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, வெள்ளையாக, ஒட்டிவைத்தது போல இருக்கும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் முட்டை வைத்தால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புழு. ஆறேழு நாள் தின்றுவிட்டுத் தரையில் விழுந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். நம் ஊர்ச் சூட்டுக்கு இன்னும் ஒரு வாரம் போனால் ஈ.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? புண்ணைக் கழுவிவிட்டுக் குனிந்து பாருங்கள். சாதாரணப் புழு என்றால் மேலாக நெளிந்துகொண்டு திரியும், சீழும் செத்த சதையும் உள்ள இடத்தில் கும்பலாக இருக்கும். திருகாணிப் புழு திரியாது. தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் மேலே நீட்டி, பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி நிற்கும். புண்ணின் அடிப்பகுதி தேன்கூட்டைப் பார்ப்பது போலத் தெரியும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வால் நுனி, மூச்சு விட்டு விட்டு மேலும் கீழும் அசையும். குச்சியால் தொட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பார்க்கச் சின்ன ஓட்டை, உள்ளே பெரிய குகை. இரத்தம் கலந்த நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஒரு வாடை வரும், ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. அந்த வாடைக்கு மேலும் மேலும் ஈக்கள் வந்து முட்டை வைக்கும். அதனால்தான் விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் ஆடே போய்விடுகிறது. ஆஸ்திரேலியா இந்த ஈ தன் கண்டத்துக்குள் நுழைந்துவிடாமல் துறைமுகங்களில் பொறி வைத்துக் காவல் காக்கிறது. நாம் அதோடு தினம் வாழ்கிறோம்.

புழு இருந்தால் எடுக்க வேண்டும், ஒன்று விடாமல். கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயைப் புண்ணுக்குள் விட்டால் மூச்சு முட்டி வெளியே வரும். சீத்தாப்பழ இலையை அரைத்து வைப்பதும் நம் பக்கம் உள்ள வழக்கம். எடுத்த புழுவைத் தரையில் போடக் கூடாது, அது மண்ணுக்குள் போய் ஈயாகிவிடும். வெந்நீரில் போடுங்கள். ஆழமான புண் என்றால் மருத்துவர்தான் ஐவர்மெக்டின் போன்ற ஊசி போட்டு, உள்ளே உள்ளதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பால் கறக்கும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ அந்த ஊசியை நாமாக வாங்கிப் போட்டால் மருந்து பாலில் இறங்கும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை வரவழைக்கலாம்.

அடுத்தது மூக்கு. கசாப்புக் கடையில் பார்த்தோமே, அது. ஈயின் பெயர் ஓஸ்ட்ரஸ் ஓவிஸ், லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் ஓஸ்ட்ரோஸ் என்றால் மாட்டை வெறிபிடித்து ஓடவைக்கும் ஈ, அந்த வெறிக்கும் அதுவே சொல். மாடு பருவத்துக்கு வருவதை மருத்துவர்கள் ஈஸ்ட்ரஸ் என்கிறார்களே, அந்தச் சொல்லும் இந்த ஈயிலிருந்து வந்ததுதான்.

இந்த ஈ முட்டையே இடுவதில்லை. வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரித்து, உயிருள்ள குட்டிப் புழுக்களாகச் சுமந்துகொண்டு திரியும். வெயில் ஏறிய நேரத்தில் ஆட்டின் முகத்துக்கு நேரே பறந்துவந்து, உட்காராமல், பறந்தபடியே மூக்குத் துவாரத்தில் ஒரு துளி நீரோடு புழுக்களைப் பீய்ச்சிவிட்டுப் போகும். புழு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். பெரிய ஈக்கு வாய் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, அது சாப்பிடுவதே இல்லை. சாம்பல் நிறம், உடம்பில் கறுப்புப் புள்ளிகள், ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுவரிலும் வேலிக்கல்லிலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லோடு கல்லாகத் தெரியும் என்பதால் ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவர்கள்கூட ஈயைப் பார்த்ததில்லை என்பார்கள்.

ஈயைப் பார்க்க வேண்டாம், ஆட்டைப் பார்த்தால் போதும். வெள்ளாட்டுக்கும் இது வரும் என்றாலும் செம்மறிக்குத்தான் அதிகம். மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகள் திடீரென்று மேய்ச்சலை விட்டு வட்டமாகக் கூடி, மூக்கை ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று நுழைத்துக்கொள்ளும், அல்லது மூக்கை மண்ணில் அழுத்திக்கொண்டு நிற்கும். முன்காலால் தரையை உதைக்கும், தலையை உதறும். இதில் ஒரு குழப்பம் உண்டு. மரமே இல்லாத பொட்டலில் நடு வெயிலில் செம்மறிகள் நிழலுக்காகவும் இப்படித் தலையைக் குனிந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். வெயிலுக்கு நிற்பவை அமைதியாக நிற்கும். ஈக்குப் பயந்து நிற்பவை நிலைகொள்ளாது, ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கீதாரிகளுக்கு இது தூரத்திலிருந்தே தெரியும். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடத் தஞ்சை, நாகைப் பக்கம் நடந்து போகும் நம் ஊர்க் கீதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள், எந்த நேரத்தில் மந்தை கலையும் என்று நேரத்தோடு சொல்வார்கள்.

உள்ளே போன புழு மூக்குத் தண்டில் கொஞ்ச காலம், அப்புறம் நெற்றிப் பொந்து. வெப்பமான ஊர்களில் சில வாரங்களில் முற்றிவிடும். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் வளர்ந்து மறுபடி மூக்குக்கு இறங்கி, ஆடு தும்மும்போது தரையில் விழும். இளம் புழு வெள்ளையாக இருக்கும். முற்றிய புழுவுக்கு முதுகில் கணுவுக்கு ஒன்றாகக் கறுப்புப் பட்டை ஓடும், வயிற்றுப் பக்கம் முள் வரிசை. ஓயாத தும்மலும் மூக்கில் கெட்டிச் சளியும், சில நேரம் இரத்தம் கலந்து, இருந்தால் சந்தேகப்படலாம்.

தலை சுற்றும் நோயை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால், அது நாயின் வயிற்றில் வாழும் ஒரு நாடாப்புழுவின் நீர்க்கட்டி ஆட்டின் மூளையில் வளர்ந்ததால் இருக்கலாம். மூக்குப் புழு அதிகமானாலும் ஆடு தள்ளாடும், தலையைத் தூக்கி நடக்கும், ஆனால் கூடவே தும்மலும் சளியும் இருக்கும். உண்மையான மூளைக் கட்டியில் மூக்கு சுத்தமாக இருக்கலாம். ஒன்றுக்கு ஊசி கேட்கும், மற்றதுக்கு அந்த ஊசி பயன்படாது.

இப்போது முதுகு. ஆங்கிலத்தில் வார்பிள் என்பது தோலுக்கு அடியில் புழு இருந்து எழுப்பும் கட்டியின் பெயர், அதை உண்டாக்கும் ஈக்கள்தான் வார்பிள் ஈக்கள். மாட்டில் வருபவை முக்கியமாக இரண்டு: ஹைப்போடெர்மா போவிஸ், ஹைப்போடெர்மா லினியேட்டம். வெள்ளாட்டில் வருவது பிர்ஷெவால்ஸ்கியானா சைலினஸ். இந்தியாவில் இவை வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள பிரச்சினை: பஞ்சாப், ராஜஸ்தான், இமாச்சல், ஜம்மு. நம் கன்னி ஆட்டிலும் கொடி ஆட்டிலும் ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியிலும் முதுகில் புடைப்பு இருந்தால் முதலில் வேறு காரணம் தேடுங்கள் என்றே சொல்வேன்: முள் தங்கிய கட்டி, உண்ணி கடித்த வீக்கம், மாட்டில் என்றால் தோல் கழலை நோய். பிறகு ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? சிரோகி என்றும் ஜமுனாபாரி என்றும் வடக்கிலிருந்து ஆடு வாங்கி வளர்ப்பவர்கள் இன்று சாயல்குடியிலும் இருக்கிறார்கள், கீழக்கரையிலும் இருக்கிறார்கள். லாரியில் ஆடு வரும்போது முதுகுக்குள் புழுவும் வரலாம்.

இந்த ஈக்களின் பயணம் ஆச்சரியமானது. மாட்டு வார்பிள் ஈ ரோமம் அடர்ந்த பெரிய தேனீ போல இருக்கும். கடிக்காது, கொட்டாது, சாப்பிடக்கூட வாய் கிடையாது. ஆனாலும் போவிஸ் பக்கத்தில் வந்தால் மாடு வாலைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடும். அது பறந்துவந்து மோதி, மயிருக்கு ஒன்றாக முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். லினியேட்டம் நயமாக வரும். படுத்திருக்கும் மாட்டின் காலருகே நடந்து வந்து, ஒரே மயிரில் வரிசையாகப் பல முட்டைகளைக் கோத்துவைக்கும். ஆக, முட்டையைப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம்: தனித்தனி என்றால் போவிஸ், ஒரே மயிரில் சரமாக என்றால் லினியேட்டம்.

சில நாளில் பொரித்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய், மாதக்கணக்கில் உடம்புக்குள்ளே பயணம் செய்யும். லினியேட்டம் உணவுக்குழாயின் சுவரில் போய்த் தங்கும். போவிஸ் முதுகுத்தண்டின் குழாய்க்குள், தண்டுவடத்தைச் சுற்றிய கொழுப்பில் தங்கும். அப்புறம் இரண்டும் முதுகுத் தோலுக்கு வந்து, மூச்சு விட ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வளரும். வெள்ளாட்டுப் புழு இந்தச் சுற்றுப்பாதை எதிலும் போகாது, தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து முதுகுக்கு வந்துவிடும். இது வெறும் ஆச்சரியத்துக்காகச் சொல்வதல்ல. போவிஸ் தண்டுவடத்தின் பக்கத்தில் இருக்கும் மாதங்களில் மருந்து கொடுத்தால், அங்கேயே செத்து வீங்கி மாட்டின் பின்கால்கள் விழுந்துவிடலாம். லினியேட்டம் உணவுக்குழாயில் சாகும்போது மாட்டுக்கு வயிறு உப்பலாம். எந்த இனம், எந்த மாதம் என்று தெரியாமல் மருந்தைத் தொடக் கூடாது.

முதுகுக் கட்டியை எப்படி அறிவது? வாங்கும் ஆட்டின் முன்தோளிலிருந்து வால் வரை, முடி படிந்த திசைக்கு எதிராக உள்ளங்கையை அழுத்தி ஓட்டுங்கள். கொட்டைப்பாக்கு அளவில் கடினமான கட்டி தட்டுப்பட்டால் முடியை விலக்கிப் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலை போல ஓர் ஓட்டை இருந்து, அதன் ஓரம் ஈரமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. தோல் கழலையில் இந்த ஓட்டை இருக்காது. பிதுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். உள்ளே புழு நசுங்கி உடைந்தால் அதன் உடல்நீர் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும், விலங்கு சில நேரம் அதிலேயே சாகும்.

வால்பக்கத்துக்கு வருவோம். ஈப் புழுக்கள் வாலால் மூச்சு விடுகின்றன. கூர்மையான பக்கம் வாய், மொட்டையான பக்கம் மூச்சு. அந்த மொட்டைப் பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்சில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் இரண்டு தட்டுகள், இரண்டு கண்கள் மாதிரித் தெரியும். கைப்பேசியில் மாட்டும் சின்ன லென்சும் போதும். தட்டில் கோடுகள் இருக்கின்றனவா, புள்ளிகள் இருக்கின்றனவா? இதுதான் கேள்வி. புண்ணில் வாழும் ஈக்களுக்குத் தட்டில் கீறல்கள் இருக்கும், முற்றிய புழுவில் மூன்று, அதற்கு முந்தைய பருவத்தில் இரண்டு. மூக்குப் புழுவுக்கும் முதுகுப் புழுவுக்கும் கீறல் இருக்காது. சல்லடை போல நுண்ணிய துளைகள் தட்டு முழுக்க நிறைந்திருக்கும், நடுவில் பொத்தான் போல ஒரு வட்டம். புள்ளித் தட்டு என்று தெரிந்தால் அது புண்ணுக்கு வந்த ஈ அல்ல.

மாட்டின் இரண்டு வார்பிள்களைப் பிரிக்க முள்ளை எண்ண வேண்டும். முற்றிய புழுவின் கணுக்களில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. வாலிலிருந்து எண்ணினால், கடைசி இரண்டு கணுவும் மொட்டையாக இருந்தால் போவிஸ், கடைசிக் கணு ஒன்று மட்டும் மொட்டை என்றால் லினியேட்டம். தட்டும் துணை நிற்கும்: போவிஸுக்கு நடுவில் புனல் போலக் குழிந்திருக்கும், லினியேட்டத்துக்குத் தட்டையாக இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இந்த இரண்டு புழுவும் முற்ற முற்றக் கறுக்கும்.

மருத்துவரிடம் காட்டப் புழுவைக் கொண்டுபோவதிலும் ஒரு முறை இருக்கிறது. உயிரோடு சாராயத்தில் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும், தட்டும் முள்ளும் தெரியாது. முதலில் கொதி தணிந்த வெந்நீரில் அரை நிமிடம் போடுங்கள், உடம்பை நீட்டிக்கொண்டு இறந்துவிடும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் மூழ்கவைத்து மூடுங்கள். பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம், எந்தத் தேதி, அந்த விலங்கு எந்த ஊரிலிருந்து வந்தது. கடைசி விவரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், வார்பிளில் அதுதான் முதல் தடயம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மூக்கு ஈ சில நேரம் மேய்ப்பவரின் கண்ணிலும் புழுவைப் பீய்ச்சிவிடும். பறந்துவந்து ஏதோ பட்டது மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குள் மணல் உறுத்துவது போல எரிச்சலும் நீரும் வரும். மனிதக் கண்ணில் அந்தப் புழு வளராது. ஆனால் கொக்கியால் இமைக்குள் பற்றிக்கொண்டு நகர்ந்துகொண்டே இருக்கும், தண்ணீர் அடித்தால் போகாது. நம் ஊரில் காற்றுக் காலத்தில் கண்ணில் மணல் விழுவது தினமும் நடப்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. மணல் என்றால் கழுவியதும் குறையும். கழுவியும் குறையாமல், உள்ளே ஏதோ ஊர்வது போலிருந்தால், கண்ணைக் கசக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது என்று சொல்லுங்கள்.